ஈப்போ வீட்டில் நான் வளர்த்த கடல்

மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும் காரியத்துக்கு மாதக்கணக்கில் பாடுபடுகிற ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஈப்போவில் அந்தப் பதவியில் பல வருடம் நான்தான் இருந்தேன். (இன்றுவரை வேறு யாரும் அதற்கு மனு போட்டதாகத் தெரியவில்லை.)

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. நான் பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பால் வெட்டினார், அம்மா களை எடுக்கும் கூட்டத்தில் இருந்தார். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துவிட்டுச் செம்பனை நடப்போவதாகச் சொல்லி லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னபோது ஆளுக்கு ஒரு திசையாகப் போனோம். நான் ஈப்போவுக்கு வந்து ஏர்கான் ரிப்பேர் கம்பெனி ஒன்றில் ஒட்டிக்கொண்டேன்.

மனைவி புஷ்பாவுக்கு ஹுத்தான் மெலிந்தாங். அவள் அப்பா அங்கே படகுகளுக்கு ஐஸ் கட்டி போடும் ஆலையில் வேலை பார்த்தார். "பொண்ணு கடற்கரை ஊரு" என்று சம்பந்தம் கொண்டுவந்தவர் சொன்னதுமே நான் பாதி சம்மதித்துவிட்டேன். தோட்டத்துப் பையனுக்குக் கடல் என்றால் மளிகைக் கடைக் காலண்டரில் இருப்பதுதான். நீலத் தண்ணீர், வெள்ளை மணல், பவளப்பாறை, அதற்குள் ஆரஞ்சு மீன். பெண் பார்த்தது தெலுக் ஆன்சனில், அவர்கள் சொந்தக்காரர் வீட்டில். கல்யாணத்துக்கு இருட்டில், கொட்டும் மழையில் போய் இறங்கினோம். கோயிலில் தாலி கட்டினேன், பந்தியில் சாப்பிட்டேன், மழை விடுவதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்கள். ஆக, கடற்கரை ஊரில் பெண் எடுத்தவன் கடலை மட்டும் பார்க்கவில்லை.

ஈப்போவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புக் குன்று முகத்தில் இடிக்கும். புஷ்பா அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டே வெங்காயம் உரிப்பாள். திடீரென்று கை நிற்கும்.

"இப்ப தண்ணி ஏறும்" என்பாள்.

முதல் தடவை நான் குழாயைப் போய்ப் பார்த்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் சொல்வது அவள் ஊர்க் கடலை. எந்த நாளில் எப்போது தண்ணீர் ஏறும், எப்போது வற்றும், படகுகள் எப்போது கிளம்பும் என்பதெல்லாம் அவள் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பிறையைப் பார்த்தால் போதும், சொல்லிவிடுவாள். துணி காயப்போடும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, ஏன், நான் ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட, "இப்ப வத்தியிருக்கும்லா" என்று ஒரு பெருமூச்சு. எனக்குத் துக்கமாக இருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் என் பக்கத்தில் இல்லை. சண்டை போடுவதற்கு ஒரு ஆள் இருந்தால் பரவாயில்லை, கடலோடு எப்படிச் சண்டை போடுவது?

அப்போதுதான் அந்த மகா யோசனை வந்தது. முதலாளி மீன் வளர்த்துச் சலித்துப்போய், பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வீட்டுப் பின்புறம் போட்டிருந்தார். கேட்டதும் கொடுத்துவிட்டார். கம்பெனி வேன் ஓட்டும் மணியம் என் சிநேகிதன். லுமுட் பக்கம் வேலைக்குப் போகும்போதெல்லாம் தொங்கு என்று நாங்கள் சொல்லும் பிளாஸ்டிக் பீப்பாய்களில் கடல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். வெள்ளை மணல் போட்டேன். பவளக் கற்களை அடுக்கினேன். ஆரஞ்சு மீன் ஒரு ஜோடி, பூ மாதிரி விரிந்து சுருங்கும் கடல் சாமந்தி ஒன்று. காலண்டரைச் சுவரில் மாட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

எல்லாம் தயாரானதும் புஷ்பாவைக் கண்ணை மூடச் சொல்லி அழைத்து வந்து நிறுத்தினேன். திறந்து பார்த்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

அதற்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய சோபாவையும் அவள் இதே குரலில்தான் நல்லா இருக்கு என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் அந்தத் தொட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, "இப்ப தண்ணி ஏறும்" என்றாள்.

கடல் போதவில்லை என்று நான் முடிவு கட்டினேன். (அவளைக் கேட்டேனா? கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை ஏது?) கடலுக்கு வெயில் வேண்டுமே என்று தொட்டியை வாசல் ஜன்னல் ஓரம் நகர்த்தினேன். மீன்கள் ஏங்கிவிடக் கூடாதென்று இறாலை நறுக்கி நறுக்கிப் போட்டேன். கொஞ்ச நாளில் கண்ணாடியில் பழுப்பாக ஏதோ படிந்தது. துடைத்தேன். பிறகு கல்லின் மேல் பச்சையாக மீசை முளைத்தது. பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். தேய்த்த துணுக்குகள் தொட்டி முழுக்கப் பரவி, ஒவ்வொன்றும் போய் ஒவ்வோர் இடத்தில் குடித்தனம் ஆரம்பித்தது. மீசை தாடியாயிற்று, தாடி சடையாயிற்று. கடைசியில் அந்த ஆரஞ்சு மீன்கள் புதருக்குள்ளிருந்து தலையை நீட்டி வழி கேட்கிற நிலைமை.

மீன்களை விற்ற கடையின் சீன முதலாளி தவுக்கேயிடம் போய் அழுதேன். அவர் சிகரெட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "ஜன்னல்கிட்ட வைக்காத. தீனியைக் குறை. தண்ணி மாத்து. அவ்வளவுதான்" என்றார் சந்தை மலாய் மொழியில்.

சரியான யோசனை. ஆகவே நான் அதைக் கேட்கவில்லை. மீன் விற்கிறவருக்குக் களையைப் பற்றி என்ன தெரியும்? நான் களை எடுத்த அம்மாவின் மகன். தொட்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது பாசியே இல்லை, லாலாங். தோட்டத்தில் லாலாங் புல்லை வெட்ட வெட்ட அது இன்னும் வீம்பாக வரும். அதை அடக்க ஒரே வழி, ரப்பர் கன்றுகளுக்கு நடுவே கொடி விதைப்பார்கள். கொடி ஓடித் தரையை மூடிவிட்டால் லாலாங்குக்கு வெயிலும் கிடையாது, சத்தும் கிடையாது. தானாகச் சாகும்.

"கடல்ல கொடி மாதிரி ஓடுற பாசி ஏதாச்சும் இருந்தா கொண்டு வாடா" என்றேன் மணியத்திடம்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "மச்சான், பாசிய ஒழிக்கப் பாசிய நடப்போறியா? பேசாம தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் சொல்லி வச்சிரவா?"

ஆனாலும் பங்கோர் தீவுக்குப் போனபோது ஒரு மைலோ டின் நிறையக் கொண்டுவந்தான். பச்சைக் கொடி, அதில் பறவை இறகு போல இலைகள். தோட்டத்தில் செய்கிற மாதிரியே வரிசை பார்த்து நட்டேன்.

நம்பினால் நம்புங்கள், வேலை செய்தது. கொடி மணல் மேல் ஓடிக் கல்லின் மேல் ஏறியது. லாலாங் வெளுத்தது, வாடியது, காணாமல் போனது. தண்ணீர் பளிங்காயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, "வெள்ளைக்காரன் தோட்டம் போட்டான், நான் கடலைப் போட்டேன்" என்று ஆரம்பிப்பேன். பால்காரர் எங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தையே மாற்றிக்கொண்டார்.

இதற்கிடையில் புஷ்பாவுக்கு வயிற்றில் பிள்ளை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்களிடம் எழுதாத சட்டம். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்து அழைத்துப் போவதாகச் செய்தி வந்தது. இங்கே இருக்கும்போதே பாதி அங்கே இருக்கிறவள், போனால் திரும்பி வருவாளா? வருவாள், ஊர் வாய்க்குப் பயந்தாவது வருவாள். ஆனால் ஆசையோடு வருவாளா? ஆகவே ஒரு திட்டம் போட்டேன். மாமனார் வந்ததும் தொட்டியைக் காட்டுவது. "மாமா, கடலும் இங்க இருக்கு, ஆஸ்பத்திரியும் இங்க பெரிசு. பிரசவத்த இங்கயே வச்சிக்கலாம்" என்று அடக்கமாகச் சொல்வது. புஷ்பாவிடம் இதைச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் கடல் பேசும் என்று இருந்துவிட்டேன்.

கடல் பேசுவதற்கு முன்னால் அதற்குக் கொஞ்சம் முடி வெட்டிவிடலாம் என்று தோன்றியது. சனிக்கிழமை மத்தியானம் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, கொடி முழுவதையும் துரை பங்களா வேலி மாதிரி ஒரே மட்டமாக வெட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. அந்த வகைக் கொடியைக் கண்டபடி வெட்டினால், அதன் உள்ளே இருப்பதை எல்லாம் ஒரேயடியாகத் தண்ணீரில் விட்டுவிட்டுச் செத்துப்போகும் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிறு காலையில் எழுந்து வந்தால், தொட்டியில் கடல் இல்லை. பால் இருந்தது.

வெள்ளை வெளேரென்று இல்லை, லேசாகப் பச்சை கலந்த பால். கொடி இருந்த இடத்தில் கண்ணாடித் தாள் மாதிரி ஏதோ வெறும் தோல் தொங்கியது. ஆரஞ்சு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. குளியலறையில் ஒரு தொங்கில் மணியம் கொண்டுவந்த கடல் தண்ணீர் மிச்சம் இருந்தது. மீன்களைப் பிடித்து அதில் விட்டேன். பிறகு கொடியைக் கையைவிட்டு அள்ளினேன். அள்ள அள்ள மணலும் அதனடியில் இத்தனை நாள் அழுகிக் கிடந்த இறாலும் கிளம்பி மேலே வந்தன. பால், தேயிலை போட்ட தேத்தண்ணியாக மாறியது. கூடவே ஒரு நாற்றம். அதை நான் வர்ணிக்கப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.

வாசலில் செருப்புச் சத்தம். முதல் பஸ்ஸைப் பிடித்து மாமனார் வந்துவிட்டார். கையில் எட்டிய மேஜை விரிப்பை எடுத்துத் தொட்டியின் மேல் போட்டேன்.

"வாங்க மாமா, வாங்க."

"வாரேன் மாப்பிள்ளை. வெயிலு தாங்கல. மொதல்ல மொகத்தக் கழுவிட்டு வந்துர்றேன்" என்று அவர் நேராகக் குளியலறைக்குள் போனார். நான் "மாமா" என்று வாயெடுப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் மொள்ளும் சத்தம். கொப்பளிக்கும் சத்தம். பிறகு சத்தமே இல்லை.

கதவு திறந்தது. மாமனார் முகமெல்லாம் ஈரமாக, கையில் பிளாஸ்டிக் மக்கோடு நின்றார். மக்குக்குள் ஆரஞ்சு மீன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, ஈப்போவுல கொழா தண்ணி உப்பு கரிக்குதே. மீனும் சேந்து வருது."

நான் அசடு வழிந்தேன். உண்மையைச் சொல்வதா, நகராட்சியின் மேல் பழியைப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் மூக்கைத் தூக்கி மோந்தார். ஐஸ் ஆலையில் வாழ்நாளைக் கழித்தவரின் மூக்கு அது. மோந்துகொண்டே முன்னறைக்கு வந்து, மேஜை விரிப்பை மெல்லத் தூக்கினார். குனிந்து பார்த்தார். நான் கல்யாணத்தில் அவர் போட்ட மோதிரத்தைக் கழற்றித் தந்துவிடலாமா என்று நினைத்தேன்.

"புஷ்பா!" என்று கத்தினார். "ஓடியா! ஏய், மெதுவா வா, மெதுவா வா. இங்க பாரு, நம்மூரு தண்ணி!"

சமையலறையிலிருந்து அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்தாள். அந்தத் தேத்தண்ணித் தொட்டிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நாற்றத்தை ஆழமாக இழுத்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள்.

"தண்ணி வத்துனா இப்படித்தாங்க இருக்கும்" என்றாள் அழுகைக்கு நடுவில். "படகுத்துறையில, சேத்துல... இதே வாடைதான். இதே கலருதான்."

"அப்ப முன்னாடி இருந்தது?" என்றேன்.

"அது ஏதோ காலண்டர் மாதிரில்ல இருந்துச்சு."

"எங்கூரு கடலு நீலமா?" என்று மாமனார் கேட்டார், யாரோ அவர் குடும்பத்தைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்ட மாதிரி. "ஆத்து வாய்லா அது. சேறும் கண்டல் மரக் காடுந்தான். நீலமா பாக்கணும்னா நான் சட்டையில போடுற நீலத்தத்தான் பாக்கணும்."

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன் புஷ்பாவிடம்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எப்பிடிச் சொல்றது? நீங்க அவ்வளவு ஆசையா பிரஷ்ஷு வச்சித் தேச்சிக்கிட்டு இருந்தீங்க."

அதன் பிறகு நான் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அந்த வாடையை மோந்தவளுக்கு அதற்குமேல் ஒரு மணி நேரம்கூட ஈப்போவில் நிற்க முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அவசர அவசரமாக முடித்துக்கொண்டு, அப்பாவும் மகளும் தண்ணீர் ஏறும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே பஸ் ஏறினார்கள். கடலைக் காட்டி அவளை நிறுத்தப் பார்த்தேன், அவள் கடலைப் பார்த்ததும் கிளம்பிவிட்டாள். பஸ் திரும்பும்வரை ஜன்னலில் அவள் கை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து தொட்டியைக் காலி பண்ண உட்கார்ந்தேன். மணல் அடியில் தங்கிவிட்டதால் தண்ணீர் மறுபடி வெளுத்திருந்தது. ரப்பர் குழாய் வழியாக அது மெல்ல வாளியில் இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று தோட்டம் தெரிந்தது. காலை வெளிச்சத்தில், வெட்டின பட்டை வழியாக, மரத்தில் கட்டிய கிண்ணமான மங்கில் சொட்டும் பால். அதை வாளியில் ஊற்றி, தோளில் வாளிகள் தொங்கும் காண்டாக் கட்டையோடு ஸ்டோருக்கு நடந்து வரும் அப்பா. வாடையும் அதே வாடைதான், மங்கில் நாள்பட்டுக் கிடந்த கட்டிப்பால் வாடை. அந்த வாடை பிடிக்காமல்தான் நான் தோட்டத்தைவிட்டு வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். போகச் சொன்னார்கள், போனோம். அந்த மரங்கள் ஒன்றுகூட இப்போது இல்லை. ஒரே தொட்டியில் அவள் அவளுடைய ஊரைப் பார்த்தாள், நான் என்னுடையதைப் பார்த்தேன். அவள் ஊருக்குப் பஸ் இருந்தது. நான் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

(ஆரஞ்சு மீன்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். தவுக்கே திரும்ப எடுத்துக்கொண்டார். "ஜன்னல்?" என்று மட்டும் கேட்டார்.)

பெண் பிறந்த செய்தி வந்ததும் ஹுத்தான் மெலிந்தாங்குக்குப் போனேன். அப்போதுதான் முதன்முதலாக அந்தக் கடலைப் பார்த்தேன். வற்றிப்போய்ச் சேறாகக் கிடந்தது. படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தன. இதற்காகவா இவள் இத்தனை நாள் ஏங்கினாள் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் நின்ற புஷ்பா, "இருங்க, இப்ப தண்ணி ஏறும்" என்றாள். ஏறியது. பழுப்புத் தண்ணீர் சத்தமில்லாமல் வந்து ஒவ்வொரு படகாக நிமிர்த்திவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு என்னோடு திரும்பி வந்தாள், ஆசையாகத்தான் வந்தாள். தொட்டியில் மகளின் பொம்மைகள் குடியேறின. மாமனார் வாழ்ந்தவரை, யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் என்னைக் காட்டி, "இவருதான் கடல்ல பால் வெட்டுன மாப்பிள்ளை" என்று தொடங்கிவிடுவார். வீட்டிலோ, பால் ஊற்றின தேத்தண்ணிக்குக் கடல் என்று பெயர் நிலைத்துவிட்டது. "அப்பாவுக்குக் கடல் கொடுத்தாச்சா?" என்று என் மகள் கேட்டால், விருந்தாளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த மகளுக்கு இப்போது தலைப்பிரசவம். வழக்கப்படி அவள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளையும் அவளும் ஜொகூரில் இருக்கிறார்கள். "இங்க ஆஸ்பத்திரி பெரிசுப்பா, இங்கயே வச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள். நான் ஒருநாளும் சொல்லி முடிக்காத வசனத்தை அவள் எங்கே கற்றாளோ. ஆகவே புஷ்பா அங்கே போயிருக்கிறாள், நான் ஈப்போவில் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் சமையலறையில் நின்று நானே தேத்தண்ணி கலக்குகிறேன். ஒருநாள் வெளுத்துப்போகிறது, ஒருநாள் கறுத்துப்போகிறது.

நேற்றுப் போன் பண்ணினாள்.

"கடல் கலக்கிக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன். உங்க ஊரு கலரு மட்டும் வரவே மாட்டேங்குது."

சிரித்தாள். பிறந்த பேரப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள், மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். நான் ரிசீவரைப் பிடித்தபடி ஜன்னல் வழியாகக் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குன்றுக்கு மேலே பிறை வந்திருந்தது.

"புஷ்பா" என்றேன். "இப்ப தண்ணி ஏறும்லா?"

"ஏறுதுங்க" என்றாள். "அடுத்த வாரம் வந்துர்றேன்."